அருகிருந்தோர் சொல்

கறம்பக்குடியில் எங்கள் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து என் அப்பத்தா ஒன்றை அடிக்கடி சொல்லக் கேட்டிருக்கிறேன். "நான் சொன்னேன், சொல்ல வேண்டியவுககிட்டச் சொல்லல" என்பார். 1978-ஆம் ஆண்டில் நடந்த ஒரு நிகழ்ச்சியைக் குறித்து, தாம் கண்மூடும் வரை அவர் அதைச் சொல்லி வந்தார்.

அப்பொழுது எனக்கு 12 வயது. எங்கள் அய்யாவுக்குக் குடலிறக்கத்திற்காக வெளியூர் மருத்துவமனை ஒன்றில் அறுவை செய்திருந்தார்கள். அறுவை நன்றாகவே முடிந்தது. மூன்றாம் நாள் மாலையில் அப்பத்தா வார்டு வாயிலில் நின்ற பணியாளரிடம், "தம்பி, இவுக மொகம் இவுக மொகமா இல்லையே" என்றார். அய்யா மண்ணோடும் மாட்டோடும் வாழ்ந்தவர். பார்க்க வந்தவர்களிடம் முதலில் எருதுகளைப் பற்றிக் கேட்பார். தம் உடம்பைப் பற்றிய பேச்சு பிறகுதான். அன்று எதுவும் கேட்கவில்லை. சிறிது நேரம் கழித்து, கட்டிலில் படுத்தபடியே, கமலையில் மாடு பூட்டியாயிற்றா என்று வினவினார். தாம் இருக்கும் இடம் வீடென்றே எண்ணிவிட்டார். பணியாளர், "பார்வை நேரம் முடிந்துவிட்டது, வெளியே நில்லுங்கள்" என்றார். அப்பத்தா ஒரு செவிலியிடமும் சென்று, "தாயி, கொஞ்சம் பாருங்க" என்றார். காய்ச்சல் பெரிதாக இல்லை, காலையில் டாக்டர் வருவார் என்று விடை வந்தது. டாக்டர் வந்தபொழுது அய்யா இல்லை. குருதியில் நச்சு பரவியிருந்தது என்று பின்னர் கூறினார்கள்.

யாரையும் குறை கூறுவதற்காக இதனைச் சொல்லவில்லை. அந்தச் செவிலி அன்றிரவு எத்தனை கட்டில்களைத் தனியே கவனித்தாரோ! ஆயினும் கல்லூரியில் வரலாறு படிக்கப் புகுந்த நாள் முதல் ஒரு கேள்வி என்னை விட்டு நீங்கவில்லை. நோயாளியின் பக்கத்தில் இருப்பவர் ஒரு மாறுதலைக் காண்கிறார். காண்பதைச் சொல்லவும் செய்கிறார். அந்தச் சொல்லுக்கு மருத்துவத்தில் என்ன இடம் இருந்தது? அந்த இடம் எப்பொழுது குறுகியது? மீண்டும் எவ்வாறு கிடைத்து வருகிறது?

தமிழில் இக்கேள்விக்கு மிகப் பழைய விடை ஒன்று உண்டு. திருக்குறளில் 'மருந்து' என்னும் 95-ஆம் அதிகாரம் மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுக்கின்றது. நோயுற்றவன், நோயைத் தீர்ப்பவன், மருந்து, உழைச்செல்வான் என்பன அவை. 'உழை' என்றால் பக்கம். நோயாளியின் பக்கத்திலிருந்து மருந்தைப் பிழையாமல் இயற்றிக் கொடுப்பவனே உழைச்செல்வான். வடமொழியில் சரக சங்கிதையும் இதே நான்கினை மருத்துவத்தின் நான்கு கால்களாகச் சொல்கிறது. கால் ஒன்று குறைந்தால் கட்டில் நில்லாது என்பதை விளக்கத் தேவையில்லை. உரையாசிரியர் பரிமேலழகர் இக்கூறு ஒவ்வொன்றுக்கும் நான்கு இலக்கணம் வகுத்தார். பக்கத்திலிருப்பவனுக்கு அன்பும், தூய்மையும், சொன்னதைச் செய்யும் வன்மையும், அறிவும் வேண்டும் என்றார். தன் நோய்நிலையை உணர்த்தும் வன்மையை நோயாளிக்குரிய இலக்கணமாக வைத்தார். இங்கேதான் எனக்கு ஓர் ஐயம் எழும். நோயாளியின் நினைவே தடுமாறும்பொழுது அவன் நிலையை உணர்த்துவது யார்? கமலையைப் பற்றிக் கேட்ட எங்கள் அய்யா தம் நோய்நிலையை எவ்வாறு உணர்த்தியிருப்பார்? அப்பொழுது அந்த வன்மை, உரையாசிரியர் சொன்ன அன்பும் அறிவும் உடைய மற்றவரிடம் சென்று சேர வேண்டியிருக்கிறது.

நூலை விட்டுக் கல்வெட்டுக்கு வருவோம். காஞ்சிபுரம் மாவட்டத்தில் பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுமிடத்தில் திருமுக்கூடல் என்றோர் ஊர் உண்டு. அவ்வூர்ப் பெருமாள் கோயிலில் வீரராசேந்திர சோழன் காலத்து நெடிய கல்வெட்டு ஒன்று இருக்கிறது. 11-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பொறிக்கப்பட்ட அது, அங்கு நடந்த ஆதுலசாலையின் கணக்கைத் தருகிறது. கட்டில்கள் 15. மருத்துவர் ஒருவர், அறுவை செய்பவர் ஒருவர், மருந்து கொணர்வோர் இருவர், நோயாளரைப் பேணும் பெண்டிர் இருவர், நாவிதர் ஒருவர், தண்ணீர் கொடுப்பவர் ஒருவர் என்று அவரவர்க்குரிய நெல்லும் காசும் வகுக்கப்பட்டுள்ளன. 15 கட்டில்களுக்குப் பேணுவோர் இருவர் என்ற அளவைக் கண்டு நான் வியந்ததுண்டு. நம் காலத்து வார்டுகள் பலவற்றின் இரவு நேரத்தை நினைத்தால் அது செல்வச் செழிப்பாகத் தோன்றும். ஒன்றை மட்டும் மறந்துவிடலாகாது. கல்வெட்டு ஊதியம் பெறுவோரையே எண்ணுகிறது. தாயும் மனைவியும் எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை.

ஆங்கிலேயர் முறை மருத்துவமனை நம் சென்னையில் கோட்டைக்குள் பிறந்தது. 1664-இல் சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையில் கம்பெனியின் நோயுற்ற வீரர்களுக்கெனத் தொடங்கியதே பின்னாளில் பொது மருத்துவமனையாக வளர்ந்தது. கடல் கடந்து வந்த வீரனுக்குப் பக்கத்தில் இருக்கத் தாய் ஏது? அவ்வமைப்பில் சுற்றத்தாருக்கு இடமில்லாமற் போனதில் வியப்பில்லை. பார்வை நேரம், மணியோசை, வாயிற்காவல் ஆகியவையெல்லாம் அந்த ஒழுங்கோடு வளர்ந்தவை. தொற்றைத் தடுக்கவும் அமைதி காக்கவும் அவை தேவை என்பதை மறுக்கவில்லை. ஆனால் கதவு அடைபட்டபொழுது சந்தடியோடு சேர்ந்து செய்தியும் வெளியே நின்றுவிட்டது.

ஒழுங்குக்குப் பேர்போன பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் இந்தச் செய்தியின் அருமையை நன்கு உணர்ந்திருந்தார். செவிலிமை பற்றி 1859-இல் அவர் எழுதிய சிறு நூலில், நோயாளியைக் கூர்ந்து நோக்குவதற்கென்றே ஒரு பகுதியை ஒதுக்கினார். இரவு நன்றாகத் தூங்கினாரா என்று கேட்பது பயனற்றது என்பது அவர் கருத்து. எத்தனை மணி நேரம் தூங்கினார், எந்த எந்த மணியில் தூங்கினார் என்று கேட்க வேண்டும் என்றார். சொல்பவருக்கும் இது பொருந்தும். "ஒரு மாதிரியாக இருக்கிறார்" என்னும் சொல் உண்மையாகவே இருக்கலாம். ஆயினும் ஆயிரம் வேலைக்கிடையே அது காற்றோடு போய்விடும். "நேற்று மாலை வரை தாமாக எழுந்து உட்கார்ந்தார், இன்று காலை முதல் என் பெயர் தெரியவில்லை, விடிந்ததிலிருந்து சிறுநீர் கழிக்கவில்லை" என்று சொன்னால் அது நிற்கும்.

எங்கள் புதுக்கோட்டை மண்ணில் பிறந்த ஒருவரை இங்கே நினைக்காமல் இருக்க இயலாது. 1886-இல் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி அம்மையார், புதுக்கோட்டை மன்னர் கல்லூரியில் முதன்முதலாகச் சேர்ந்த பெண். 1912-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றவர். அத்தகையவரும் தம் தங்கை புற்றுநோயால் மாய்வதைப் பக்கத்திலிருந்து பார்க்க நேர்ந்தது. அந்தத் துயரம் அவர் உள்ளத்தில் நெடுங்காலம் கனன்று, 1954-இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனையாக எழுந்தது. நோயாளியின் அருகிலிருந்தவரின் துயரம் நிறுவனமாக மாறும் கதையை உலகின் வேறு மூலைகளிலும் காணப்போகிறோம்.

முதலில் தமிழ்நாட்டில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். இதைப் பற்றிப் பாடநூல்களில் போதிய அளவு எழுதவில்லை என்பது என் குறை.

1990-களின் நடுவிலிருந்து, மகப்பேற்றில் தாய் ஒருத்தி இறந்தால் அந்த இறப்பை ஆராயும் வழக்கம் இங்கே வேரூன்றியது. மருத்துவமனை ஏடுகளைப் பார்ப்பதோடு நிற்காமல், சுகாதாரப் பணியாளர் இறந்தவரின் வீட்டுக்கே சென்று வினவினர். வலி எப்பொழுது கண்டது? வண்டி எப்பொழுது கிடைத்தது? மருத்துவமனையில் எத்தனை மணி காத்திருந்தீர்கள்? யாரிடம் சொன்னீர்கள், அவர் என்ன சொன்னார்? தாய்மார் இறப்புக்குக் காரணமாக மூன்று தாமதங்கள் உண்டென்று 1994-இல் வெளிவந்த ஓர் ஆய்வுரை வகுத்தது. முடிவெடுப்பதில் தாமதம், வந்து சேர்வதில் தாமதம், வந்து சேர்ந்தபின் சிகிச்சை கிடைப்பதில் தாமதம் என்பன அவை. முதல் இரண்டும் ஊரின் குறை, வறுமையின் குறை என்று சொல்லிக் கடந்துவிடலாம். மூன்றாவது நான்கு சுவருக்குள் நடப்பது. அதை ஏடு முழுமையாகச் சொல்லாது. வராந்தாவில் நின்ற மாமியாரும் கணவனும் சொல்லக்கூடும். இறந்தவரின் குடும்பத்தாரை மாவட்ட ஆட்சியர் முன்னிலையில் அழைத்துக் கேட்கும் முறையும் வந்தது. 2010-இல் இந்திய அரசு நாடு முழுமைக்கும் வகுத்த நெறிமுறையிலும் அது இடம் பெற்றது.

எண்ணிப் பாருங்கள், இளைஞர்களே! அப்பத்தாவைப் போன்ற ஒருவர் ஆட்சியர் முன் அமர்ந்து, தாம் கண்டதைச் சொல்ல, அதை எழுதிக்கொள்கிறார்கள். பெரிய மாறுதல்தான். ஆயினும் அது இறப்புக்குப் பின் கேட்ட செவி. உயிர் இருக்கும்பொழுதே கேட்கும் செவி வேண்டுமல்லவா? 2004-இல் தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் பிரசவ அறைக்குள் துணைக்கு ஓர் உறவுப் பெண் இருக்கலாம் என்ற ஏற்பாடு வந்தது. இந்திய அரசு இதனை 2016-இல் நாடெங்கும் பரிந்துரைத்தது. உள்ளே இருக்கும் தாய் கையைப் பிடித்து ஆறுதல் சொல்வாள் என்பதே முதல் நோக்கம். அதனோடு, துணியில் குருதி மிகுவதை முதலில் காணும் கண்ணும் அவளுடையதாகலாம்.

2001-03 ஆண்டுகளில் தமிழ்நாட்டில் ஒரு லட்சம் பிறப்புக்கு 134 தாய்மார் இறந்தனர். 2018-20-இல் அது 54. இந்தியா முழுமைக்கும் அந்த எண்கள் 301, 97. இந்த இறக்கத்துக்கெல்லாம் உறவினர் சொல்லைக் கேட்டதே காரணம் என்று சொன்னால் அது வரலாறாகாது. குருதி வங்கிகளும், இரவிலும் செவிலியர் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையங்களும், 2008-இல் வந்த 108 ஊர்தியும் பெரும்பங்கு ஆற்றின. ஆனால் எந்தக் கதவு திறக்கவில்லை, எந்த மணியில் திறக்கவில்லை என்பதைச் சுட்டிக் காட்டியதில் வெளியே நின்றவர்களுக்கும் பங்குண்டு.

இனிக் கடல் கடந்த செய்தி. 2001-ஆம் ஆண்டு பிப்ரவரியில் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் ஜோசி கிங் என்னும் 18 மாதக் குழந்தை மாண்டது. வெந்நீர்ப் புண் ஆறி, வீடு திரும்பவிருந்த குழந்தை. துடைக்கும் ஈரத்துணியைக் கண்டால் அது ஆவலோடு உறிஞ்சியதைத் தாய் கண்டார்; சொன்னார். உடலில் நீர் வற்றியிருந்ததை உரிய நேரத்தில் எவரும் உணரவில்லை. அத்தாய் பின்னர் ஊர் ஊராகச் சென்று மருத்துவர்களிடமே தம் கதையைச் சொன்னார். அதன் பயனாக 2005-இல் பிட்ஸ்பர்க் நகரின் ஷேடிசைடு மருத்துவமனையில், நோயாளியோ உறவினரோ தொலைபேசியில் அழைத்தால் உடனே ஒரு மருத்துவக் குழு கட்டிலுக்கு வரும் ஏற்பாடு தொடங்கியது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் 2007-இல் ரயன் சாண்டர்ஸ் என்னும் சிறுவன் இறந்தபின், 2013-இல் 'ரயன் விதி' வந்தது. செவிலியிடமோ மருத்துவரிடமோ சொல்லுதல், அது போதாதெனில் பொறுப்புச் செவிலியிடம் சொல்லுதல், அதுவும் போதாதெனில் குறித்த எண்ணுக்கு அழைத்து மறு ஆய்வு கேட்டல் என அதற்கு மூன்று படிகள். இங்கிலாந்தில் மார்த்தா மில்ஸ் என்னும் 13 வயதுச் சிறுமி 2021-இல் இறந்தாள். முன்னதாகவே தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றியிருந்தால் பெரும்பாலும் பிழைத்திருப்பாள் என்று விசாரணை அதிகாரி தீர்ந்துரைத்தார். 'மார்த்தா விதி' 2024-இல் 143 மருத்துவமனைகளில் தொடங்கியது.

இவற்றுள் என் நெஞ்சைவிட்டு அகலாதது பெர்த் நகரத்து நிகழ்ச்சி. கேரளத்திலிருந்து ஆஸ்திரேலியா சென்று குடியேறிய பெற்றோரின் மகள் ஐஸ்வர்யா அஸ்வத், வயது ஏழு. 2021 ஏப்ரல் 3-ஆம் நாள் மாலை குழந்தைகள் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு அவளைக் கொணர்ந்தனர். கைகள் குளிர்ந்திருந்தன; கண்களில் வெண்மை படர்வதைத் தாய் கண்டார். தாயும் தந்தையும் மீண்டும் மீண்டும் பணியாளரிடம் சென்று முறையிட்டனர். ஏறத்தாழ இரண்டு மணி நேரம் காத்திருக்க நேர்ந்தது. அன்றிரவே குழந்தை இறந்தது. காரணம் எங்கள் அய்யாவைக் கொண்டு சென்ற அதே குருதிநச்சு. மருத்துவர் அதனைச் 'செப்சிஸ்' என்பர். அந்த மாநிலத்தில் உறவினர் உதவி கோருவதற்குரிய தொலைபேசி அழைப்பு இன்று அக்குழந்தையின் பெயரைத் தாங்கியிருக்கிறது. 1978-இல் ஓர் உழவர் குடும்பத்து மூதாட்டி முகத்தில் கண்டதை, 2021-இல் படித்த ஒரு தாய் கண்ணில் கண்டார். கருவிகள் நிறைந்த மருத்துவமனையிலும் சொல் சென்று சேரவில்லை.

உறவினர் காண்பது வெறும் பாசத்தின் பதற்றந்தானே என்று கேட்பவர் உண்டு. இதற்கு அறிவியலே ஒரு விடை தந்திருக்கிறது. நோயாளியின் மூச்சு, நாடி, குருதியழுத்தம், வெப்பம் முதலியவற்றுக்கு மதிப்பெண் இட்டு ஆபத்தை முன்னறியும் அட்டவணை ஒன்றை இலண்டன் ராயல் மருத்துவர் கல்லூரி 2012-இல் வெளியிட்டது. 2017-இல் அதைத் திருத்தியபொழுது, 'புதிதாகத் தோன்றிய மனக்குழப்பம்' என்பதையும் சேர்த்து உயர்ந்த மதிப்பெண் கொடுத்தனர். புதிது என்பதை யார் அறிவார்? பழையதை அறிந்தவர்தாம் அறிவார். அய்யா எருதுகளைப் பற்றிக் கேட்காதது நோயின் குறி என்பதை உலகில் அப்பத்தா ஒருவரால்தான் கண்டிருக்க முடியும். எந்தக் கருவிக்கும் அய்யாவைத் தெரியாது.

நம் நாட்டிலும் ஏட்டளவில் சில வழிகள் அமைந்துள்ளன. தேசிய மனித உரிமை ஆணையம் 2018-இல் நோயாளர் உரிமைப் பட்டயம் ஒன்றை வரைந்தது. நிலையைத் தெரிந்துகொள்ளுதல், ஏடுகளின் நகல் பெறுதல், வேறொரு மருத்துவரின் கருத்தைக் கேட்டல், குறையை முறையிடுதல் ஆகியவை அதில் அடங்கும். மத்திய சுகாதாரத் துறை அதை 2019-இல் மாநிலங்களுக்கு அனுப்பியது. தமிழ்நாட்டில் 104 என்னும் எண்ணும் இருக்கிறது. ஆயினும் நள்ளிரவில் பட்டயத்தைத் தேடிக்கொண்டிருக்க இயலாது. வார்டிலுள்ள படிகளை முன்னமே அறிந்திருப்பது நலம். பணியிலிருக்கும் செவிலி, பொறுப்புச் செவிலி, இரவுப்பணி மருத்துவர், ஆர்.எம்.ஓ. என்று ஊரார் சொல்லும் நிலைய மருத்துவ அலுவலர், அவருக்கும் மேல் கண்காணிப்பாளர் அல்லது முதல்வர் என்று படிகள் இருக்கின்றன. வாயிற்பணியாளர் அந்தப் படிகளில் ஒருவரல்லர். அப்பத்தா அறியாதது அது ஒன்றுதான்.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் ஒருவர் நோயுற்றால் ஒரு வேன் நிறைய உறவினர் புறப்படுவர். இருபது பேர் சூழ்ந்து குரலெழுப்பினால் எந்த மருத்துவருக்கும் ஒருவர் சொல்லும் செய்தி காதில் விழாது. மருத்துவரைத் தாக்குவதைத் தடுக்க 2008-இல் தமிழ்நாட்டில் சட்டமே இயற்ற வேண்டியதாயிற்று என்பது நமக்குப் பெருமை தருவதன்று. இருபது பேரில் உடனிருந்து பார்த்த ஒருவர் பேசினால் போதும்.

1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டமெங்கும் அறிவொளி இயக்கம் நடந்தது. மாலை வேளைகளில் விளக்கடியில் அமர்ந்து பெண்கள் எழுத்துக் கற்றனர், மிதிவண்டியும் கற்றனர். என் அத்தை ஒருவர், நாற்பதைக் கடந்த பின், அவ்வாறு எழுதப் பழகியவர். சில ஆண்டுகளுக்கு முன் மாமாவை நுரையீரல் சளிக்காக மருத்துவமனையில் சேர்த்திருந்தபொழுது, இரவில் அத்தையே துணையிருந்தார். நாட்காட்டியில் கிழித்த தாள்களின் பின்புறத்தில் கோணல் எழுத்தில் குறித்துக்கொண்டே வந்தார். இரவு ஒன்பது மணிக்கு மூச்சு நிமிடத்துக்கு 22. பதினொன்றுக்கு 28. ஒரு மணிக்கு 34, பேசினால் விடையில்லை, சாயங்காலம் முதல் ஒன்றுக்குப் போகவில்லை.

அத்தாளைச் செவிலியிடம் காட்டினார். செவிலி அதை வாங்கிக்கொண்டு மருத்துவரை எழுப்பச் சென்றார். இளம் மருத்துவர் வந்து தாளைப் படித்தார். மாமாவின் கையைத் தொட்டுப் பார்த்தார். மறுபடியும் தாளைப் படித்தார். கால் மணி நேரத்தில் மாமாவைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டு சென்றார்கள். ஒன்பதாம் நாள் அவர் வீடு திரும்பினார்.

அந்த நாட்காட்டித் தாளைத் திருப்பித் தரும்படி அத்தை கேட்டாராம். மருத்துவர் அதை நோயாளியின் ஏட்டில் சேர்த்துத் தைத்துவிட்டதாகச் சொன்னார்.